இருவருக்கும் ஒரே பாஸ்போர்ட்

1934 மார்ச் 12, திங்கட்கிழமை. காலை ஏழே கால் மணிக்குப் பினாங்கு டத்தோ கிராமாட்டிலுள்ள என் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டேன். ஏழே முக்காலுக்குத் துறைமுகத்தையொட்டிய வெல்ட் கீ வீதியில் எங்கள் கப்பல் ஏஜென்சியின் பக்கக் கதவைத் திறந்தேன். மைக்கூடுகளை நிரப்பினேன்: கறுப்பு வலப்பக்கம், சிவப்பு இடப்பக்கம். தேதி முத்திரையைத் திருப்பி வைத்தேன். எட்டு மணிக்குப் பயணிகள் கவுன்டர் திறந்தது. பத்து மணிவரை மழை. சுமத்ராவின் பெலாவான் துறைமுகத்துக்குப் போகும் கப்பலுக்குப் பதினொரு பேர் வந்தார்கள். ஒன்பது பேருக்குக் காகிதம் சரி. ஒருவருடைய அம்மை குத்திய சீட்டு காலாவதி. இன்னொருவர் தொப்பியோடு புகைப்படம் எடுத்து வந்திருந்தார். பகல் உணவு பன்னிரண்டரைக்கு.

இவ்வளவும் அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது. அதன் கடைசி வரி இது: "ஞானம்மாள், வயது 31, தாசேக் கெலுகோர். பாஸ்போர்ட் கணவனிடம்."

சென்ற டிசம்பரில் நான் ஓய்வு பெற்றேன். எழுத்தர்களான எங்கள் கிராணிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பழைய காலக் காகித முறைகளைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டிருக்கிறார். இப்போது மனைவிமார் பலர் தனிப் பாஸ்போர்ட் எடுக்கிறார்கள் என்றும், முன்பு எப்படி என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். முறைகளை எழுதுவது எளிது. ஆனால் இருபத்தெட்டு நாட்குறிப்புகளையும் எடுத்து மேசைமேல் அடுக்கியபின், கை தானாக 1934-ஐத்தான் திறந்தது.

நான் வேலையில் சேர்ந்தபோது கப்பலேறுவதற்குப் பெயரும் டிக்கெட்டும் போதும். பெரும்போருக்குப் பிறகுதான் பாஸ்போர்ட் வந்தது. பாஸ்போர்ட்டோடு புகைப்படம் வந்தது. படம் இரண்டு படிகள். ஒன்றின் பின்புறம், "இது இன்னாரின் உண்மையான படம்" என்று மதிப்புள்ள ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முத்திரையின் பாதி படத்தின்மேலும் பாதி தாளின்மேலும் விழ வேண்டும். படம் எடுக்கத் தெரியாதவர்களல்ல எங்கள் மக்கள். ஆனால் படம் என்றால் மனைவி நிற்க, கணவன் நாற்காலியில் உட்கார, பக்கத்தில் பூஞ்சாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள். இரண்டு முகங்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்புவதே எனக்குப் பாதி வேலை.

ஏனென்றால், கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பாஸ்போர்ட் வாங்குவதுதான் அப்போது வழக்கம். புத்தகம் கணவன் பெயரில் இருக்கும். உள்ளே, மனைவி என்ற இடத்தில் அவள் பெயரும் படமும் சேர்க்கப்படும். மனைவி இல்லாமல் கணவன் அதை வைத்துப் போகலாம். கணவன் இல்லாமல் மனைவி போக முடியாது. அவள் தனியாகப் போக வேண்டுமென்றால் தனிப் புத்தகம் கேட்க வேண்டும். அதற்கு முன் கணவனின் புத்தகத்தைக் கொண்டுவந்து, அதிலிருந்து அவள் பெயரை அடிக்க வேண்டும்.

இந்த வேலையை எனக்குக் கற்றுத் தந்தவர் பெரிய கிராணியார் தம்பையா. யாழ்ப்பாணத்துக்காரர். பயணி நிற்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் பின்புறத்தைப் பார்ப்பார், பிறகுதான் முன்புறம். பட்டியலைச் சரிபார்க்கும்போது ஒரு மர அளவுகோலை வரிக்கு வரி கீழே இறக்கிக்கொண்டே வருவார். அளவுகோல் நின்றால் எங்கள் மூச்சும் நிற்கும். இவ்வளவு கண்டிப்பான மனிதர், கவுன்டரில் மட்டும் வீண் பேச்சுப் பேசுவார் என்று நான் நினைத்திருந்தேன். "மேடானிலை சந்தை பெரிசாமே, பாப்பீரோ?" "மலையிலை குளிராம், போர்வை எடுத்தனீரோ?" என்றெல்லாம் கேட்பார். பயணி ஆமென்று தலையாட்டுவார். தம்பையா குனிந்து ஏதோ எழுதுவார். நான் அப்படிப் பேசுவதில்லை. படிவத்திலுள்ள கட்டங்களை வரிசையாகக் கேட்பேன். சொன்னதைச் சொன்னபடி எழுதுவேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ஈஸ்டர் விடுமுறைக்கு எங்கள் ஏஜென்சி ஓர் உல்லாசப் பயணம் நடத்திவந்தது. வியாழன் மாலை புறப்பட்டு வெள்ளி காலை பெலாவான், அங்கிருந்து ரயிலில் மேடான், பிறகு மலைப்பக்கம், திங்கள் காலை மீண்டும் பினாங்கு. இதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட பதிவுத்தாள் ஒன்று. எல்லாரையும் சேர்த்து ஒரே பட்டியல். டச்சுக்காரர் ஆண்ட சுமத்ராவில் அவர்களின் அதிகாரி கப்பலேறித் தலைகளை எண்ணுவார். திரும்பும்போது மறுபடி எண்ணுவார். ஒரு தலை குறைந்தாலும் ஏஜென்சிதான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே, ஊர் பார்ப்பதைத் தவிர வேறு காரியமாகப் போகிறவரைச் சேர்க்கக் கூடாது என்பது கட்டளை.

மார்ச் 12 அன்று இரண்டு மணிக்குக் கவுன்டருக்கு வந்த பெண் குடையைக் கம்பியில் மாட்டினார்.

"கிராணி ஐயா, மேடானுக்கு ஒரு ஆளு."

"பாஸ்போர்ட் கொடுங்கம்மா."

"என் படம் அவர் புத்தகத்துல இருக்கு. புத்தகம் அவர் பையில இருக்கு. அவர் மேடான்ல இருக்கார்."

பயணிகளைக் கூட்டிவந்து வரிசையில் நிறுத்தும் எங்கள் ஆள் காதர் பக்கத்தில் நின்றிருந்தார். "அப்போ அக்கா ஏற்கனவே மேடான்லதான் இருக்காங்க லா, கிராணி. டிக்கெட் எதுக்கு?" என்றார்.

"ஆமாண்ணே, மூஞ்சி அங்க, கால் இங்க. ரெண்டையும் ஒண்ணு சேக்கத்தான் வந்திருக்கேன்" என்று ஞானம்மாளும் சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. 1931-இல் அந்தப் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை எழுதியவன் நான்தான். கணவர் அந்தோணிசாமி, லாரி டிரைவர். மேடானில் வேலை கிடைத்திருந்தது. இருவரும் போவதாக இருந்தது. "எதற்கு இரண்டு? ஒன்றே போதும்" என்று சொன்னதும் நான்தான். புறப்படும் வாரத்தில் ஞானம்மாளின் தாய் படுக்கையில் விழுந்தார். கணவர் மட்டும் புத்தகத்தோடு கப்பலேறினார். இரண்டு கிறிஸ்துமஸுக்கு வந்தார். மூன்றாவது கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.

ஞானம்மாள் ஒரு கடிதத்தை நீட்டினார். கணவரோடு வேலை செய்யும் ஒருவர் எழுதியது. நான்கே வரி. அந்தோணிக்கு உடம்பு மோசம், மேடான் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், நீங்கள் நேரில் வந்து பார்ப்பது நல்லது, தபாலில் எழுத முடியாத விஷயம் என்று இருந்தது.

பாஸ்போர்ட் இல்லாமல் அவர் போகக்கூடிய ஒரே வழி ஈஸ்டர் உல்லாசப் பயணம்தான். அதைச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. எண் 23 பதிவுத்தாளை எடுத்தேன். பெயர். வயது. பிறந்த ஊர். திரும்பும் நாள். அடுத்த கட்டம் வந்தது.

"எதற்காகப் போகிறீர்கள்?"

"அவரைப் பாக்கத்தான். வேற என்னத்துக்கு?"

"நோயுற்ற கணவரைப் பார்க்க" என்று கறுப்பு மையில், தெளிவான எழுத்தில் எழுதினேன். நான்கு மணிக்கு அன்றைய தாள்கள் எல்லாம் மேல்மாடிக்கு, ஏஜென்சி மானேஜரான துரையின் அறைக்குப் போயின.

மறுநாள் காலை எண் 23 மட்டும் குறுக்கே ஒரு கோட்டோடு திரும்பி வந்தது. தம்பையா அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். முதலில் பின்புறம் பார்த்தார். பிறகு முன்புறம்.

"இதை எழுதினது ஆர்? நீரோ?"

"ஆமாம் ஐயா. அவர் சொன்னதைத்தான் எழுதினேன்."

"உம்மைப் பொய் எழுதச் சொல்லேல்லைக் காணும். ஆனா அந்தக் கேள்வியை ஏன் கேட்டனீர்?"

"படிவத்தில் இருக்கிறதே, ஐயா."

"படிவத்திலை கட்டம்தான் இருக்கு. கேள்வி உம்மடை வாயிலைதான் இருக்கு. மேடானிலை கோயில் பாப்பியோ பிள்ளை எண்டு கேட்டிருந்தால், பாப்பன் எண்டு சொல்லியிருப்பா. அதுவும் உண்மைதானே?"

பதினாறு ஆண்டுகளாக அவர் பேசிய வீண் பேச்சு என்னவென்று அந்த நிமிடத்தில் எனக்குப் புரிந்தது. குளிரும் போர்வையும் சந்தையும் எதற்கென்று புரிந்தது. நான் அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்துகொண்டே அதைக் கற்றுக்கொள்ளவில்லை. எண்ணிட்ட தாளைக் கிழிக்கவும் முடியாது, துரை படித்துவிட்டார்.

தம்பையா அந்தத் தாளோடு மேலே போனார். இருபது நிமிடம் கழித்து இறங்கி வந்தார். குறுக்குக் கோடு அப்படியே இருந்த தாளை என்முன் வைத்துவிட்டு, தம் மேசையின் அளவுகோலை எடுத்துக்கொண்டு வேறு பட்டியலுக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை ஞானம்மாள் வந்தார். தாசேக் கெலுகோரிலிருந்து காலை ரயிலில் அக்கரையிலுள்ள பிறை ஸ்டேஷன். அங்கிருந்து படகில் பினாங்கு. பட்டியலில் பெயர் இல்லை என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்.

"நான் பொய் சொல்லியிருந்தா போயிருப்பேனா ஐயா?"

"நான் கேட்காமல் இருந்திருந்தால் போயிருப்பீர்கள்."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "எங்கம்மாவும் இப்படித்தான். வாய்க்கு வந்ததைக் கேட்டுட்டு, பெறகு படுத்துக்கிட்டு யோசிப்பாங்க" என்றார்.

மிச்சமிருந்தது நீண்ட வழி. மேடானிலுள்ள பிரிட்டிஷ் கான்சலுக்கு எழுத வேண்டும். கணவரின் புத்தகத்தில் ஞானம்மாளின் பெயரை அடிக்கச் சொல்ல வேண்டும். அடித்ததாகப் பதில் வந்ததும் இங்கே தனிப் பாஸ்போர்ட் கேட்க வேண்டும். மார்ச் 15-ஆம் தேதி கம்பெனியின் தாளில் கடிதத்தை நானே டைப் அடித்தேன். கணவர் ஆஸ்பத்திரியில் இருப்பதையும், மனைவி உடனே போக வேண்டியிருப்பதையும் எழுதினேன்.

ஈஸ்டர் கப்பல் 29-ஆம் தேதி மாலை புறப்பட்டது. நாற்பத்தேழு பேர். மேல்தளத்தில் வாத்தியம் வாசித்தார்கள். பட்டியலின் அடியில் என் கையெழுத்து. எண் 22-க்குப் பிறகு 24. டச்சு அதிகாரி கேட்டால் சொல்வதற்கு, "23 ரத்து" என்று ஓரத்தில் குறித்திருந்தேன்.

ஏப்ரல் 9, திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு மேடானிலிருந்து பதில் வந்தது. ஒரு பக்கம். அந்தோணிசாமியின் பாஸ்போர்ட்டிலிருந்து ஞானம்மாள் என்ற பெயர் சென்ற ஆகஸ்டிலேயே அடிக்கப்பட்டுவிட்டது. மனைவி இறந்துவிட்டதாகக் கணவர் எழுத்தில் தெரிவித்திருந்தார். அக்டோபரில் அவர் கேட்டுக்கொண்டபடி, புதிதாக மணந்த மனைவியின் பெயரும் படமும் சேர்க்கப்பட்டன. அப்படியிருக்க, தங்கள் கடிதத்தில் குறிப்பிட்டுள்ள பெண் யார் என்பதைத் தெரிவிக்கவும்.

மூன்று முறை படித்தேன். பதில் வந்ததா என்று கேட்க ஞானம்மாள் திங்கட்கிழமைகளில் இரண்டு மணிக்கு வருவார். எனக்கு மூன்று மணி நேரம் இருந்தது. தம்பையாவிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் படித்து முடித்து, மடித்து, என்னிடமே தந்தார்.

"சொல்லாமல் விடலாமா ஐயா?"

"கடிதம் ஆருக்கு வந்தது?"

"கம்பெனிக்கு."

"சீவன் ஆற்றை?"

உயிர் யாருடையது என்று அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. அன்று பகல் உணவுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு அப்படியே மூடி வைத்தேன். அந்த ஆங்கிலக் கடிதத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். எந்த வார்த்தையை மாற்றினாலும் விஷயம் மாறவில்லை.

ஞானம்மாள் வந்ததும், வெற்றுப் படிவங்கள் அடுக்கியிருக்கும் உள்ளறையில் உட்காரச் சொன்னேன். காதர் இரண்டு கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்ததும் கேலி எதுவும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நான் வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். எதையும் விடவில்லை.

"அப்போ நான் செத்துட்டேனா?"

"காகிதத்தில் அப்படி இருக்கிறது."

"எப்போ?"

"போன ஆகஸ்டில்."

விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஆகஸ்ட்டுலதான் அவருக்குக் கருவாடு கட்டி அனுப்பினேன். நல்லா இருந்துச்சுன்னு சொல்லி அனுப்பினாரே." பிறகு, "செத்தவளுக்கு டிக்கெட் வேணாமே ஐயா. அன்னைக்கே சும்மா ஏறிப் போயிருக்கலாம் லா" என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். சிரிப்பு வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் கடிதத்தின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈஸ்டர் கப்பலில் அவர் போயிருந்தால் என்ன பார்த்திருப்பார் என்று நினைத்தேன். என் தவறு அவரைக் காப்பாற்றியது என்று சொல்லிக்கொள்ள ஒரு கணம் ஆசை வந்தது. அது உண்மையல்ல. பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது. அதை நான் படிவத்தின் ஒரு கட்டத்தில் எழுதித் தடுத்துவிட்டேன்.

"உடம்பு எப்படி இருக்குன்னு எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

"பின்பக்கம் பாருங்க."

திருப்பிக் காட்டினேன். வெறும் தாள்.

ஞானம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவர் புத்தகத்துல இப்ப நான் இல்ல. அப்போ எனக்குன்னு ஒரு புத்தகம் கிடைக்கும்தானே?"

"கிடைக்கும். ஆனால் இறந்ததாக ஒரு காகிதம் இருப்பதால், நீங்கள் உயிரோடு இருப்பதாக நீதிமன்றத்தில் ஒருவர் சத்தியம் செய்து தர வேண்டும். உங்களை முன்பே தெரிந்தவராக இருக்க வேண்டும். உறவினராக இருக்கக் கூடாது."

"எங்கண்ணன் ஆகாதா?"

"ஆகாது."

"மூணு வருஷமா அம்மா கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன். உறவில்லாதவங்க யாருக்கு என்னைத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றேன். "விண்ணப்பத்தை எழுதியவன் நான். உங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்திருக்கிறேன். நான் வருகிறேன்."

தலையசைத்தார். எழுந்தார். கேட்க வேண்டாத கேள்வியை நான் மறுபடியும் கேட்டேன். "அங்கே போய் என்ன செய்வீர்கள்?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன் ஐயா. சண்டை போட மாட்டேன். கட்டில் பக்கத்துல போய் நிப்பேன். அவரு பாக்கட்டும்."

ஞானம்மாள் மே மாதம் தம்முடைய சொந்தப் பாஸ்போர்ட்டில் மேடானுக்குப் போனார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் நாள் திரும்பி வந்தார். துறைமுகத்திலிருந்து நேரே பிறைப் படகுக்குப் போகும் வழியில் என் கவுன்டர் முன் நின்றார். "உசுரோடதான் இருக்கார் ஐயா. நானும்தான்" என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை. அந்த முறை நான் கேட்கவில்லை. அதன்பிறகு அவரை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஏப்ரல் 9 மாலையைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. ஐந்தரைக்கு வீடு வந்தேன். எனக்கு மனைவி மக்கள் இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விளக்கேற்றி, சோறு வைத்து, நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாசல்வரை போனேன். பக்கத்து வீட்டில் குழந்தைகள் சத்தமாகச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து நாட்குறிப்பைத் திறந்தேன். எனக்கு இப்படி ஒரு சத்தியம் தேவைப்பட்டால் யாரைக் கூப்பிடுவேன் என்று யோசித்தேன். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்களின் முகத்தைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவன் நான். என் முகத்தை அப்படிப் பார்த்தவர் யார்? இரண்டு பெயர்களை எழுதினேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றை அடித்தேன். பிறகு மற்றதையும் அடித்தேன். அடித்த கோடுகள் இன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன.

மறுநாள், ஏப்ரல் 10, செவ்வாய்க்கிழமை. அலுவலகத்துக்கு இரண்டு மணி நேரம் விடுப்பு எழுதி அனுப்பிவிட்டு, முதல் வேலையாக நீதிமன்றத்துக்குப் போனேன். ஞானம்மாள் முதல் ரயிலில் வந்து தாழ்வாரத்தில் காத்திருந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். ஒன்பது பத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். பைபிளின்மேல் கை வைத்து, என் பக்கத்தில் நிற்கும் இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், இவர் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னேன். அங்கிருந்த எழுத்தர் என்னைப் போலவே ஒரு கிராணி. தலை நிமிராமல் கேட்டார்.

"எவ்வளவு காலமாகத் தெரியும்?"

"மூன்று ஆண்டுகள்."

"உங்களுக்கு இவர் என்ன உறவு?"

"உறவு இல்லை" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். பேனாவை என்னிடம் திருப்பினார். நான் கையெழுத்திட்டேன்.